கையேந்தாத தண்ணீர்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஏரி எத்தனை, வீடு எத்தனை, விளைச்சலில் யார் யாருக்கு என்ன மேரை (பங்கு) என்று அந்தக் கணக்கு விரிவாகப் பேசும். நெல்லுக்குத் தண்ணீர் போன வழியை ஏட்டில் எழுதிவைத்த மண் இது. வீட்டுக்குத் தண்ணீர் வந்த வழியை யாரும் எழுதவில்லை. அது பெண்களின் இடுப்பில் வந்தது.

நான் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, பாலாற்றுக்கு வடக்கே உள்ள ஒரு ஊரின் காலனித் தெருவில் பிறந்தவள். ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். குடிதண்ணீரின் வரலாற்றை நான் முதலில் கேட்டது என் ஆயாவிடம். இளவயதில் அவள் தண்ணீர் சேந்தியவள் அல்ல, வாங்கியவள். குடியானத் தெருக் கிணற்றங்கரைக்குத் தள்ளிக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். “அம்மா, ஒரு குடம் ஊத்துங்கம்மா” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சேந்துகிறவர்களில் யாருக்காவது மனம் வந்தால், வாளியை உயரப் பிடித்துக் குடத்தில் படாமல் ஊற்றுவார்கள். மனம் வராத நாளில் குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம் என்பாள்.

இந்தக் கையேந்தலை முடிக்கச் சட்டசபையில் குரல் கொடுத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொது அலுவலகம், பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றில் மற்றவர்களுக்கு உள்ள உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உண்டு என்றது அது. தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் வந்தது. பம்பாய் மாகாணத்தில், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச்சில். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் இந்த உரிமை எழுத்தில் இருந்தது.

எழுத்து கிணற்றங்கரைக்கு வந்து சேரவில்லை. ஆயா நின்ற இடம் மாறவில்லை. 1920களிலிருந்து அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் மனை ஒதுக்கித் தனிக் கிணறுகள் வெட்டத் தொடங்கியது. பின்னாளில் எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு கிணறு வந்தது. அன்றைக்கு ஆயா தன் கையால் தாம்புக்கயிறு இழுத்து முதல் வாளி சேந்தியதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கிணறு எங்கள் உயிர். அதே கிணறுதான் ‘உங்களுக்கென்று ஒன்று இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்’ என்று சொல்லவும் இடம் கொடுத்தது.

கடலோரக் குப்பங்களுக்கு வேறு பாடு. மணல்மேட்டில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைவானதால் அதன்மேல் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிவியலின் கணக்கு. அதனால்தான் அலைக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டிப் பெண்கள் ஊற்றுநீர் மொண்டார்கள். அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கரையோரக் கிணறுகள் ஒரே காலையில் உவர்த்தன. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைந்தது. அதே பத்தாண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்த்து உருவான ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு ஊர்தோறும் வந்தது. பிறகு மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் வந்தன. ஊருக்கு ஒன்று என்றால் காலனிக்கு ஒன்று. குடம் மண்ணிலிருந்து பித்தளைக்கும், பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறியது. சுமக்கிற இடுப்பு மட்டும் மாறவில்லை.

அந்த இடுப்பு பல வீடுகளில் என் மாணவிகளுடையது. காலை வருகைப்பதிவில் தாமதம் என்று நான் குறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். “டீச்சர், லைன்ல நின்னேன்” என்பார்கள். கோடைத்தேர்வு சமயத்தில்தான் குழாயும் மெலியும். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 15 கிலோ. ஆறாம் வகுப்புச் சிறுமியின் எடையில் அது பாதிக்குப் பக்கம்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்துக்கு அவர்களை அழைத்துப்போவேன். நாகர்கள் நீந்தி ஏறும் பிளவுக்குப் பக்கத்தில், கீழே சிறு கோயிலை ஒட்டிச் செதுக்கியிருக்கும் ஒரு உருவத்தைக் காட்டுவேன். தோளில் நீர்க்குடம் சுமந்துவரும் ஆண் அது. ஆற்றில் நீராடிப் பூசைக்கு நீர் எடுக்கிறான். “ஆம்பளையும் தூக்கலாம் போல டீச்சர்” என்றாள் ஒரு பிள்ளை. பூசைக்கு என்றால் தோள் கொடுப்பார்கள், சமையலுக்கு என்றால் மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாட்டில் வீட்டுக்குழாய் இருந்த கிராமத்து வீடுகள் 3.23 கோடி. நூற்றுக்குப் பதினேழு. தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 18 குடம். நீலக்கோடு போட்ட கறுப்புக் குழாய் எங்கள் தெருவுக்குள் புதைந்து ஒவ்வொரு வாசலிலும் தலைநீட்டியபோது, பதினெட்டு நடை பெண்களின் காலையிலிருந்து கழன்றது. மருமகள்கள் நூறுநாள் வேலைக்குப் பதறாமல் போகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி குனிந்து குடம் தூக்குவதில்லை. கட்டிவைத்துப் பூட்டியிருந்த கழிவறைகளைத் திறந்து பயன்படுத்துகிறார்கள். குழாய் வாசலில் இருப்பதால் ஆண்களும் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறு. வீட்டுக்குழாய்க்கு முன்னால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1924இல் சீனிவாசன் கேட்ட உரிமை, கிணற்றங்கரையில் தோற்றது, வாசலில் வென்றது.

முழு வெற்றி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். குழாயின் தலைப்பில் இருக்கும் வீடுகள் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு காலனிதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மக்களுக்கென்று தனித் தொட்டி இருந்ததால்தான் பாதிப்பும் அவர்களுக்கு மட்டும் நேர்ந்தது. தனிக் கிணறு தந்த அதே பாதுகாப்பையும் அதே ஆபத்தையும் தனித் தொட்டியும் தருகிறது.

எங்கள் பக்கத்துத் தொட்டிகளுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான்: பாலாற்று மணல். மேலே வறண்டு கிடந்தாலும் அந்த மணலுக்குள் ஊறும் நீரைக் கல்பாக்கம் அணுமின் நிலையமும் குடிக்கிறது, குடியானத் தெருவும் குடிக்கிறது, காலனியும் குடிக்கிறது. ஒரே ஆற்று நீரை எடுத்து இரண்டு தொட்டியில் பிரித்து ஏற்றுவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் எங்கள் ஊர் அளவில் இல்லை.

ஆகவே கிராமசபையில் உட்காரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். குழாய் வந்ததா என்று கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். புதுத் தொட்டிக்கு மதிப்பீடு போடும்போது, எந்தெந்தத் தெருவுக்கு என்று கேளுங்கள். ஊர் முழுமைக்கும் ஒரே தொட்டி என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். கடைசி வீட்டில் குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எல்லோர் வீட்டுப் பிள்ளையும் குடிக்கும் ஒரே தொட்டியை, ஊரே காவல் காக்கும்.