ஸ்ரீரங்கப்பட்டணம்: மைசூரின் துணைநகர்

நம் வீடுகளில் மிகப் பழைய பெட்டியோ உருளியோ கண்ணில் பட்டால், "இஃது ஐதர் காலத்துச் சாமான்" என்று பெரியோர் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டை விட்டு வெளியேறி மைசூரிலும் மும்பையிலும் தில்லியிலும் குடியமர்ந்த குடும்பங்களோடு இச்சொல்லும் கூடவே சென்றிருக்கிறது. ஆனால் அந்த ஐதர் யார், எவ்வூரிலிருந்து ஆண்டார் என்று நம் சிறுவர் கேட்டால் விடை சொல்ல நாம் சற்றுத் தயங்குகிறோம். மைசூரில் வாழும் தமிழர்க்கு அவ்வூர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பெங்களூருக்கு ரயிலேறும்போதெல்லாம் அதைக் கடந்தே செல்கிறோம். அதுவே ஸ்ரீரங்கப்பட்டணம். இளம் நேயர்கள் பொருட்டு அந்நகரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பெருநகர் ஒன்றின் அருகே, அதன் நிழலில் வாழ்ந்து, வேலைக்கும் வாணிகத்துக்கும் அதையே நோக்கி நிற்கும் சிறு நகரைத் துணைநகர் என்று சொல்லுகிறோம். பெரும்பாலும் பெருநகர் முன்னே பிறக்கும். துணைநகர் பின்னே தோன்றும். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதையோ தலைகீழானது. இரண்டு நூற்றாண்டுக் காலம் இதுவே தலைநகர். மைசூர் இதன் பக்கத்தில் கிடந்த சிற்றூர். 1799-ஆம் ஆண்டில் ஒரே நாளில் இந்நிலை மாறத் தொடங்கியது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குடகு மலையில் பிறந்து வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தீவு. அதன் மேற்கு முனையில் கோட்டை. அதனுள் அரங்கநாதர் பள்ளிகொண்ட கோயில். காவிரியின் போக்கில் மூன்று அரங்கங்கள் உண்டு என்று வைணவர் கூறுவர். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி அரங்கம். சிவசமுத்திரத்தில் உள்ளது மத்திய அரங்கம். நம் திருவரங்கம் அந்திய அரங்கம். திருச்சியிலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய ஒருவர், ஆற்றின் ஒரு முனையை விட்டு மறுமுனையைச் சேர்ந்தார் என்றே கொள்ளலாம்.

தமிழர்க்கும் இந்நிலப் பகுதிக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. அகநானூற்றில் வரும் எருமையூர் இம்மைசூர் நாடே என்பது சில அறிஞர் கருத்து. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் தலைக்காட்டைக் கைக்கொண்டு அதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டனர். பின்னர் இராமாநுசர் இங்கே வந்து மேலுக்கோட்டையில் தங்கினார். அவ்வழி வந்த மண்டயத்து ஐயங்கார் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் வீட்டுக்குள் ஒருவகைத் தமிழே பேசி வருகின்றன. வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் தமிழை மறந்து விடுவார்களோ என்று அஞ்சுவோர், இக்குடும்பங்களை ஒரு முறை சென்று பார்த்து வருதல் நலம்.

1610-ஆம் ஆண்டில் மைசூர் அரசர் ராஜ உடையார், விசயநகரப் பேரரசின் பிரதிநிதியாக இங்கிருந்த திருமலைராயரிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். விசயநகரத்து மகாநவமி விழாவைத் தாமும் அவ்வாண்டே இத்தீவில் தொடங்கினார். இன்று உலகெங்குமிருந்து மக்கள் காண வரும் மைசூர்த் தசரா பிறந்த இடம் இதுவே. அவர் வழிவந்த கண்டீரவ நரசராசர் 1648-ஆம் ஆண்டில் நடத்திய தசராவைக் கோவிந்த வைத்தியர் என்னும் புலவர் கன்னடக் காவியமாகப் பாடி வைத்தார். சிக்கதேவராசர் காலத்தில் கன்னடத்தின் முதல் நாடகமாகிய 'மித்ரவிந்தா கோவிந்தம்' இயற்றப்பட்டது. அதன் ஆசிரியர் சிங்கராரியர் வைணவ மரபினர். இவ்வாறு கோயிலும் கொலுவும் கவிதையும் சேர்ந்து வளர்ந்த நகர் இது.

இனி ஐதருக்கு வருவோம். சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, எழுதப் படிக்க அறியாமலேயே, 1761-ஆம் ஆண்டில் அரசின் அதிகாரம் முழுவதையும் தம் கையில் கொண்டவர் ஐதர் அலி. 1769-இல் அவருடைய குதிரைப்படை சென்னையின் வாயிலுக்கே வந்து நின்றது. ஆங்கிலேயர் அவர் சொன்னபடி உடன்படிக்கை செய்தனர். 1780-இல் அவர் படை மீண்டும் கருநாடகச் சீமையில் இறங்கியபோது நம் ஊர்கள் பட்ட துன்பம் பெரிது. நம் முன்னோர் காலத்தையே அவர் பெயரால் அளந்ததற்கு அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நடந்த போரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்றும் கண்ணால் காணலாம். 1784-ஆம் ஆண்டில் ஐதரின் மகன் திப்பு சுல்தான் கோட்டைக்கு வெளியே ஆற்றங்கரைத் தோட்டத்தில் தரியா தௌலத் என்னும் மாளிகையைக் கட்டினார். தேக்கு மரத்தால் ஆன அம்மாளிகையின் மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கின்றனர். நடுவே வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. மைசூர்ப் படையினர் இரும்புக் குழாயில் மருந்தடைத்து எறிந்த ஏவுகணைகள் அப்போரில் பகைவரைப் பெரிதும் கலங்கச் செய்தன. ஆங்கிலேயர் பிற்காலத்தில் இவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று ஆராய்ந்தே காங்கிரீவ் ஏவுகணைகளைச் செய்தனர். பெய்லி சிறைப்பட்டு, 1782-ஆம் ஆண்டில் இத்தீவிலேயே இறந்தார். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் போர்க்களம் கன்னட நாட்டு மாளிகைச் சுவரில் இருப்பதை நம் பாடநூல்கள் சிறுவர்க்குச் சொல்வதில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

திப்பு தம் தலைநகருக்கு ஒரு துணைநகரும் அமைத்தார். தீவின் கிழக்குப் பாகத்தில் எழுந்த அதன் பெயர் ஷகர் கஞ்சாம். அதை மக்களால் நிரப்பச் சீரா நகரிலிருந்து 12,000 குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டு வந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறும். இது விருப்பத்தின்பேரில் நடந்த குடியேற்றமன்று; ஆணையால் நடந்தது. கைவினைஞர் வந்தனர், வணிகர் வந்தனர், நகர் செழித்தது. ஆனால் சீரா வெறிச்சோடியது. பிழைப்புக்காகத் தாமே ஊர் விட்ட நமக்கு, கேளாமலேயே ஊர் மாற்றப்பட்ட அம்மக்களின் நிலை எளிதில் விளங்கும். இதே காலத்தில் மைசூர்க் கோட்டையையும் திப்பு இடிப்பித்து, அக்கற்களால் சற்றுக் கிழக்கே நசர்பாத் என்னும் புதுக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார்.

உலகின் மறுகோடியில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இன்னோர் அரசரும் துணைநகர் கட்டிக்கொண்டிருந்தார். கொரியாவின் மன்னர் ஜோங்ஜோ, தம் தலைநகர் சியோலுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சுவோன் என்னும் நகரை எழுப்பினார். அவருடைய தந்தையாகிய இளவரசர் 1762-இல் அரசாணையால் அரிசிப் பெட்டியொன்றில் அடைக்கப்பட்டு மாண்டவர். அத்தந்தையின் கல்லறையை 1789-இல் சுவோன் அருகே மாற்றியபோது அங்கிருந்த பழைய ஊரை அகற்ற நேர்ந்தது. இடம் பெயர்ந்தோர்க்கு இழப்பீடு கொடுத்துப் புதிய இடத்தில் குடியேற்றினார். 1794 முதல் 1796 வரை அந்நகரைச் சுற்றி ஹ்வாசோங் என்னும் கோட்டை ஏறத்தாழ 5.7 கிலோமீட்டர் மதிலோடு எழுந்தது. பாரந்தூக்கும் பொறியை ஜோங் யாக்-யோங் என்னும் அறிஞர் வகுத்துத் தந்தார். வேலை செய்த கல்தச்சர், மரத்தச்சர் பெயரும் அவர் பெற்ற கூலியும் ஒரு பெருநூலில் பதியப்பட்டு 1801-இல் அச்சேறின. பிற்காலப் போர்களில் சிதைந்த அக்கோட்டையை 1970-களில் அந்நூலைப் பார்த்தே மீண்டும் கட்டினர். 1997-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கஞ்சாமைக் கட்டிய தச்சர் எவர், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்று சொல்லும் அத்தகைய ஏடு நமக்கு வாய்க்கவில்லை. ஜோங்ஜோ 1800-இல் இறந்தார். திப்பு அதற்கு ஓராண்டு முன்னர்.

அம்முடிவுக்கு முன் ஒரு தோல்வி நேர்ந்தது. 1792-இல் காரன்வாலிஸ் பிரபு தீவை முற்றுகையிட்டார். உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். சேலத்தை உள்ளிட்ட பாராமகாலும் திண்டுக்கல்லும் அப்போதுதான் ஆங்கிலேயர் வசமாயின. அவர் மைந்தர் இருவர், ஏறத்தாழ 10 வயதும் 8 வயதும் உடையவர்கள், பிணையாகச் சென்னைக்குக் கொண்டு போகப்பட்டு 1794-இல் திருப்பி அனுப்பப்பட்டனர். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், நண்பகல் கடந்த வேளையில், கோட்டை மதிலின் உடைப்பு வழியே ஆங்கிலப்படை புகுந்தது. திப்பு போரிட்டு மாண்டார். தீவின் கிழக்கே, தந்தையையும் தாயையும் அடக்கம் செய்த கும்பசில் அவரையும் அடக்கம் செய்தனர். அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806-ஆம் ஆண்டு வேலூரில் எழுந்த சிப்பாய்க் கிளர்ச்சியில் திப்புவின் கொடி ஏற்றப்பட்டதை நாம் அறிவோம்.

அரசு மீண்டும் உடையார் மரபுக்கு வந்தது. ஐந்து வயதுக் குழந்தையாகிய மூன்றாம் கிருஷ்ணராச உடையாருக்கு அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் மைசூரில் முடிசூட்டினர். அரண்மனை இல்லாமையால் பந்தலிட்டே விழா நடந்தது. நசர்பாதுக்குப் போன கற்கள் மைசூருக்கே திரும்பிக் கோட்டையாயின. இன்று நசர்பாத் மைசூரின் ஒரு பேட்டையாக மட்டும் நிற்கிறது. அரசோடு தசராவும் மைசூருக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு, 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் கும்பெனியார் ஆணைப்படி இந்நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதினார். அவர் கணக்கிட்ட முறையை இளைஞர் கவனிக்க வேண்டும். கோட்டைக்குள் 4,163 வீடுகள். கஞ்சாமில் 2,216 வீடுகள். வீட்டுக்கு ஐவர் என்று கொண்டு மொத்தம் 31,895 மக்கள் என்றார். திப்புவின் காலத்திலோ தீவில் 1,50,000 பேர் இருந்திருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. முந்திய எண் எண்ணிப் பெற்றது, பிந்தியது கேட்டறிந்தது. ஆதலால் இரண்டையும் ஒரே நிறையாக வைத்துத் தூக்கலாகாது. எனினும், அரசவையை நம்பிப் பிழைத்த நகர் அவ்வவை அகன்றதும் எத்துணை விரைவில் காலியாயிற்று என்பது தெளிவாகிறது.

எஞ்சியதைக் காய்ச்சல் அழித்தது. தீவின் நச்சுக்காய்ச்சலுக்கு ஆற்றாத ஆங்கிலப்படை சில ஆண்டுகளில் பெங்களூருக்கு அகன்றது. அங்கே பெருநகர் ஒன்று வளர்ந்ததற்கு இவ்வூர்க் காய்ச்சலும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. தீவு மட்டும் 1881 வரை ஆங்கிலேயர் உடைமையாகவே இருந்து, பின்னர் மைசூர் அரசுக்குத் திரும்பியது. திப்புவிடமும் பின் உடையாரிடமும் அமைச்சராயிருந்த திவான் பூர்ணையா, கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்தவர் என்பர். 1804-இல் அவர் முடித்த கற்பாலம் ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயரால் வழங்குகிறது. தம் இறுதி நாட்களை இத்தீவிலேயே கழித்து அவர் 1812-இல் காலமானார்.

மைசூரின் நிழலில் அடங்கிய பின்னும் இவ்வூர் தன் சிறப்பை முழுதும் இழந்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டு அணையொன்றால் ஆற்றில் தோன்றிய திட்டுக்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதைக் கண்ட பறவையியலார் சாலிம் அலி, அரசரிடம் எடுத்துச் சொல்லி 1940-இல் அரங்கணத்திட்டுச் சரணாலயம் அமையச் செய்தார். பிற்காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஒரு சிறு தசரா நடத்தத் தொடங்கினர். வானொலி கேட்போர்க்குரிய செய்தியொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: 1935-ஆம் ஆண்டில் மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி தம் வீட்டில் நடத்திய நிலையத்துக்குத்தான் முதன்முதல் ஆகாசவாணி என்ற பெயர் வழங்கிற்று.

கோட்டைக்குள்ளேயே இருப்புப்பாதை ஓடுகிறது. அதனை இரட்டைப் பாதையாக்கும்போது திப்புவின் ஆயுதக் கிடங்கொன்று குறுக்கிட்டது. அதை இடிக்கவில்லை. ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு பெயர்த்து, 2017-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நகர்த்திப் புதிய இடத்தில் வைத்தனர். ரயில் நிலையத்தில் இறங்குவோர் நடந்தே சென்று அதனைக் காணலாம்.