லமாசுத்துவும் பசூசுவும்

லமாசுத்து, பண்டைய மெசொப்பொத்தேமிய மக்கள் மிகவும் அஞ்சிய பெண் பேய் ஆகும். சுமேரியர் இவளைத் திம்மே என்றனர். லமாசுத்து என்பது அக்காதிய மொழிப் பெயர். வான்கடவுள் அனுவின் மகளாகக் கருதப்பட்டாள். கருவுற்ற பெண்களும் பச்சிளங்குழந்தைகளுமே இவளது இரை. கருவுற்றவளின் வயிற்றை ஏழு முறை தொட்டுக் கருவைக் கொல்வாள் என்றும், பாலூட்டுவதாகக் கூறிக் குழந்தையைக் கேட்டுப் பெற்று உயிரைப் பறிப்பாள் என்றும் மந்திர ஏடுகள் கூறுகின்றன. சிங்கத் தலை, கழுதைப் பற்கள், பறவையின் நகங்கள் கொண்டவள்.

பிற பேய்கள் பெரும்பாலும் கடவுளரின் ஏவலால் மனிதரைத் தண்டிக்க வந்தவை. கடவுளின் சினம் தணிந்தால் அவையும் விலகும். லமாசுத்துவோ தன் விருப்பத்தாலேயே கொன்றாள். பிறந்து சில நாளே ஆன குழந்தை என்ன பிழை செய்திருக்கும்? அந்தக் கேள்விக்கு மெசொப்பொத்தேமியர் கண்ட விடையாகவே இவளைக் கொள்ளலாம்.

இவளை விரட்டக் கடவுளர் மட்டும் போதவில்லை. இன்னொரு பேயும் தேவைப்பட்டது. அதுவே பசூசு. கி.மு. முதலாம் ஆயிரவாண்டிலேயே இவன் காணப்படுகிறான். நாய் முகம், சிறகுகள், பறவைக் கால்கள் உடையவன். பாரிசின் இலூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சுமார் 15 செ.மீ. உயர வெண்கலச் சிலையின் பொறிப்பு இவனை அன்பியின் மகன் என்றும், தீய காற்றுப் பேய்களின் அரசன் என்றும் குறிக்கிறது. இவனும் தீயவனே. 1973இல் வெளியான 'தி எக்சார்சிஸ்ட்' திரைப்படத்தால் இன்று பலர் அறிந்தது அந்த முகத்தை மட்டுமே. ஆனால் அன்றைய தாய்மார் பசூசுவின் தலையுருவைக் காப்பாக அணிந்தனர்.

இலூவரிலுள்ள மற்றொரு பொருளான புது அசிரியக் கால வெண்கலத் தகடு இந்தச் சடங்கையே காட்டுகிறது. மேலே கடவுளரின் சின்னங்கள். அடுத்து விலங்குத் தலை கொண்ட ஏழு காவல் உருவங்கள். அதன்கீழ் படுக்கையில் நோயாளி, இருபுறமும் மீன் உடை தரித்தோர். அடிவரிசையில் லமாசுத்து, கைகளில் பாம்புகளுடன் கழுதை மேல் மண்டியிட்டிருக்கிறாள். அவள் மார்பில் ஒரு பன்றிக்குட்டியும் நாய்க்குட்டியும் பால் குடிக்கின்றன; மனிதக் குழந்தைக்குப் பதிலாக இவை. கழுதையைத் தாங்கிய படகு ஆற்றில் செல்கிறது. வழிச்செலவுக்கெனச் சீப்பு போன்ற பொருள்கள் அருகே வைக்கப்பட்டுள்ளன. பின்னால் நின்று பசூசு அவளைத் துரத்துகிறான். தகட்டின் மேல்விளிம்பிலும் அவன் தலையே எட்டிப் பார்க்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் அவனது முதுகும் சிறகுகளும்தான்.