சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்பது இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை குறித்து 1964 அக்டோபர் 30 அன்று புதுதில்லியில் ஏற்பட்ட உடன்பாடு ஆகும். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இதைச் செய்துகொண்டனர். ஒரு சிறிய தீவுக்கும் அதன் பெரிய அண்டை நாட்டுக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ள இது முக்கியமான நிகழ்வு. இரு அரசுகளும் பேசி முடித்தன. யாருடைய வாழ்வு குறித்துப் பேசினார்களோ, அந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

பின்னணி

ஆங்கிலேயர் 1820களில் இலங்கையின் மலைப்பகுதிகளில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். வேலைக்குத் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் கங்காணிகள் மூலம் அழைத்துச் செல்லப்பட்டனர். மன்னாரிலிருந்து மலைநாட்டுக்குக் காட்டுவழியே நடந்து சென்றவர்களில் பலர் காலராவாலும் பசியாலும் வழியிலேயே இறந்தனர். இலைநோயால் கோப்பிப் பயிர் அழிந்தபின் தேயிலை வந்தது. இலங்கைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பான தேயிலை இவர்களின் உழைப்பில் வளர்ந்தது.

வாக்குரிமை பறிப்பு

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. இந்தியத் தமிழரின் வாக்குப் பலம் மலைநாட்டுச் சிங்களத் தலைவர்களுக்கு அச்சம் தந்தது. பெரிய அண்டை நாடு இவர்கள் வழியாகத் தீவின் அரசியலில் தலையிடலாம் என்ற சந்தேகமும் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், பெற்றோர் அல்லது முன்னோர் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத் தொழிலாளர்களால் இது முடியவில்லை. மறுஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் வந்தன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத நாடற்றோர் ஆயினர்.

இந்தியா ஏன் இணங்கியது?

தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. 1954-இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் செய்த உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1962 சீனப் போருக்குப் பின் இந்தியா அண்டை நாடுகளின் நட்பை மிகவும் நாடியது. அப்போது இரு தரப்பையும் சமரசப்படுத்த முயன்ற ஆறு நாடுகளின் கொழும்பு மாநாட்டைக் கூட்டியவர் சிறிமாவோதான். நேரு 1964 மே மாதம் மறைந்தார். அடுத்து வந்த சாஸ்திரி சில மாதங்களில் உடன்பாட்டை முடித்தார்.

ஒப்பந்தத்தின் கூறுகள்

நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். பின்னர் பிறக்கும் குழந்தைகள் இந்த எண்ணிக்கைகளுடன் சேர்வர். எல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும். மீதி 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக ஏற்க 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உடன்பட்டனர். மலையகத் தலைவர் எஸ். தொண்டமான் ஒப்பந்தத்தைக் கண்டித்தார்.

தாயகம் திரும்பியோர்

வடசென்னையில் தாயகம் திரும்பியோர் என்றால் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து வியாசர்பாடியில் குடியேறிய பர்மாத் தமிழர்களே நினைவுக்கு வருவர். இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழி வேறு. அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றனர். பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் (டான்டீ) சிலருக்கு நூற்பாலைகளிலும் வேலை தரப்பட்டது. இவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தோருக்கும் உதவ 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஆனால் ‘தாயகம்’ என்ற சொல்லே பலருக்குப் பொருந்தவில்லை. அவர்கள் பிறந்த மண் இலங்கை. தமிழ்நாட்டை முதன்முறையாகப் பார்த்தவர்கள் ஏராளம். தாத்தாவின் ஊரில் உறவும் இல்லை, நிலமும் இல்லை. இங்கு அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. அங்கு இருந்தவரை ‘இந்தியாக்காரர்’.

முடிவு

இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட தொகை மொத்தம் 6 லட்சம். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 5,06,000. இனக்கலவரத்தைத் தொடர்ந்து 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதனால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பல்லாயிரம் பேர் தீவிலேயே தங்கினர். எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003-இல் குடியுரிமை வழங்கியது. அச்சட்டத்தின்படி, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிமக்கள். ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்! மக்களைப் பங்கிட்ட தேதியே 39 ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் உரிமைக்கு அளவுகோல் ஆயிற்று.