வலது பக்கம் எரியாத விளக்கு

லீடோ ரோடு பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ரொம்ப நாளாச்சு. கடைசியில் ஒரு பிரேக் லைட் தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது.

இங்கே அஸ்ஸாமில் தெரிந்தவர் ஒருவர் 1940களின் ஜி.எம்.சி. ராணுவ லாரி ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். இரண்டரை டன், ஆறு சக்கரத்துக்கும் இழுவை. போன மாதம் மழையில் அதை ஓட்டிப் போனபோது, பின்னால் பைக்கில் வந்த அவர் பையனுக்கு லாரி பிரேக் போட்டதே தெரியவில்லை. மயிரிழையில் தப்பினான். அம்மா போட்ட சத்தத்தில் மறுநாளே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். (எலக்ட்ரிகல் படித்தவன் என்றால் மிக்ஸி முதல் லாரி வரை நம் தலையில் தான்!)

பல்பு சரி. 6 வோல்ட் பேட்டரியும் சரி. மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் மேல் சந்தேகம் வந்தது. அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். எரியவில்லை. அப்போ சுவிட்ச் குற்றவாளி இல்லை. சாயங்காலம் வரை ஒயர் ஒயராகத் தடவினேன்.

டீயோடு வந்த வயசான மிஸ்திரி, "சார், லைட் நாபை இழுத்தீங்களா?" என்றார்.

பகலில் எதற்கு லைட்? ஆனால் விஷயமே அங்கே தான். நாப் உள்ளே இருந்தால் இந்த லாரியில் பிரேக் லைட்டே கிடையாது. முதல் இழுப்பில் இருட்டடிப்பு விளக்குகள் மட்டும், பிரேக் போட்டாலும் மங்கலான ஒரு கீற்று தான். அதைத் தாண்டி இழுக்க ஒரு பூட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். இருட்டில் கை தவறி முழு விளக்கும் எரிந்தால் வானத்திலிருக்கும் எதிரி விமானத்துக்கு விருந்தாயிற்றே! அடுத்த நிலை சாதாரண விளக்குகள். கடைசி வரை இழுத்தால், பகலுக்கென்று பிரேக் லைட் மட்டும்.

இழுத்தோம். இடது பக்கம் அழுதுகொண்டே எரிந்தது. விளக்கைத் தாங்கும் பிராக்கெட்டில் பெயின்டும் துருவும். சுரண்டி எர்த் கொடுத்ததும் பளிச். 6 வோல்ட்டில் கொஞ்சம் துரு கூட பெரிய திருடன்.

வலது பக்கம்? அது எரியவே எரியாது. அங்கே இருப்பதெல்லாம் இருட்டடிப்பு விளக்கு தான். அந்தப் பின்விளக்கின் துளைகளை யார் யோசித்தார்களோ! பின்னால் வரும் டிரைவர் 60 அடிக்குள் நெருங்கினால் நாலு புள்ளி தெரியும், 180 அடி வரை இரண்டு, அதற்கு மேல் ஒன்று. இரண்டு தெரிகிறபடி ஓட்டினால் போதும்.

இந்த ரக லாரிகள் தான் லீடோ ரோட்டில் ஓடின. 1945 ஜனவரி 12-ல் லீடோவிலிருந்து 113 வண்டிகளோடு முதல் கான்வாய் கிளம்பி, பர்மா வழியாக பிப்ரவரி 4-ல் சீனாவின் குன்மிங் சேர்ந்தது. ரோடு போட்ட சுமார் 15,000 அமெரிக்க வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அமெரிக்கர்கள் மட்டும் 1,100 பேர் வரை செத்தார்கள், உள்ளூர்த் தொழிலாளிகள் தனி.

பையனின் அம்மா சொல்லிவிட்டார், வலது பக்கமும் எரிந்தாக வேண்டும். இன்னொரு சிவப்பு விளக்கு மாட்டிவிட்டோம் (பழைய வண்டி ரசிகர்கள் மன்னிக்கவும்). 6 வோல்ட் பல்புக்குத் தான் தின்சுகியா முழுக்க அலைச்சல். கடைசியில் ஒரு பழைய ஸ்கூட்டர் கடையில் கிடைத்தது.