ஒரே வகை நாணயம், இரண்டு புதையல்: குறித்து வைப்பதால் என்ன ஆகும்?



வரலாற்றுப் பாடத்தில் 'சான்று' என்ற சொல்லை நாம் ஓயாமல் பயன்படுத்துகிறோம். "இந்தச் சான்று நம்பத்தக்கதா?" என்று வினாத்தாளும் கேட்கிறது. சரி, ஒரு பொருள் எப்போது சான்று ஆகிறது?

மண்ணுக்குள் ஒரு பழைய நாணயம் கிடக்கிறது. ஒருவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். எந்த வயல், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்று எழுதி வைக்கவில்லை. பத்து வருடம் கழித்து அவருக்கே ஞாபகம் இருக்காது. நாணயம் மட்டும் கையில் இருக்கும். யார் புதைத்தார்கள், எதற்காகப் புதைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வழி இருக்காது.

2015ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நான்கே மாத இடைவெளியில் இரண்டு புதையல்கள் கிடைத்தன. இரண்டிலும் ஒரே அரிய வகை நாணயம் இருந்தது. ஒன்று முறையாகப் பதிவானது, மற்றது மறைக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சான்றைப் பற்றி நாம் வகுப்பில் சொல்வதெல்லாம் தெளிவாக விளங்கும்.

1. வயலில் நடப்பவர்களும் சட்டமும்

மெட்டல் டிடெக்டர் என்று நாம் சொல்லும் உலோகமுணர் கருவியோடு வயல்வெளிகளில் நடப்பது இங்கிலாந்தில் பலருக்குப் பொழுதுபோக்கு. நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அரசின் அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்தவே கூடாது.

அங்கே 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் 1997 முதல் நடப்பில் உள்ளது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்கள், சேர்ந்து கிடைக்கும் பழைய நாணயங்கள் போன்றவற்றைக் கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். யாரிடம் தெரியுமா? சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே மரண விசாரணை அதிகாரியிடம்! பழைய காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. அருங்காட்சியகம் ஒன்று புதையலை வாங்கினால், அந்தத் தொகை பொதுவாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் வெகுமதியாகப் போகும்.

புதையல் என்ற வரையறைக்குள் வராத சிறு பொருள்கள் எத்தனையோ உண்டு. அவற்றைத் தாமாக முன்வந்து பதிவு செய்ய, 1997இல் 'போர்ட்டபிள் ஆன்டிகுவிட்டீஸ் ஸ்கீம்' என்ற திட்டம் தொடங்கியது. வட்டாரந்தோறும் ஓர் அலுவலர் இருக்கிறார். கண்டெடுத்ததை அவரிடம் காட்டினால், படம் எடுத்து, அளந்து, எடை போட்டு, இடத்தோடு பதிவு செய்து திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிச் சேர்ந்த பொருள்கள் 1.5 மில்லியனுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை பொழுதுபோக்குத் தேடுநர்கள் கொண்டுவந்தவை.

2. முதலில் ஒரு முகாம்: டார்க்சி

புதையல்களுக்குப் போகுமுன் அவற்றின் காலத்தைப் பார்த்துவிடுவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஒரே நாடாக இல்லை. தெற்கே வெசெக்ஸ், நடுவில் மெர்சியா என்று தனித்தனி அரசுகள். 865 முதல் வைக்கிங் பெரும்படை அவற்றை ஒவ்வொன்றாக வீழ்த்தி வந்தது.

அந்தப் படை 872–873 குளிர்காலத்தை லிங்கன்ஷயரில் உள்ள டார்க்சியில் கழித்தது என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முகாம் எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது? எழுத்துச் சான்றில் பதில் இல்லை.

பதில் வயலிலிருந்து வந்தது. தேடுநர்கள் அங்கே பல ஆண்டுகளாகப் பொருள்களை எடுத்து, இடத்தைக் குறித்துக் காட்டி வந்தார்கள். துண்டு துண்டாக வெட்டிய வெள்ளி, எடைக்கற்கள், ஈயத்தில் செய்த விளையாட்டுக் காய்கள், இஸ்லாமிய நாடுகளிலிருந்து வந்த திர்ஹம் நாணயத் துண்டுகள். ஒரு ஈயக் காயைத் தனியாகப் பார்த்தால் யாரும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு முகாமின் பரப்பு தெரிந்தது. சுமார் 55 ஹெக்டேர்! சிறு கொள்ளைக் கூட்டத்துக்கு அவ்வளவு இடம் எதற்கு? ஆயிரக்கணக்கானோர் தங்கி, வெள்ளியை எடை போட்டு வியாபாரம் செய்து, பொழுது போகாமல் காய் நகர்த்தி விளையாடிய ஓர் ஊரே அது. ஒவ்வொரு பொருளுக்கும் இடக்குறிப்பு இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

3. வாட்லிங்டன்: மூடிவிட்டு அழைத்தவர்

டார்க்சியிலிருந்து கிளம்பிய படை மெர்சியா அரசரை நாட்டைவிட்டே துரத்தியது. 874இல் இரண்டாம் சியோல்வுல்ஃப் அரியணை ஏறினார். ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு இவரை மதிக்கவே இல்லை. அறிவில்லாத ஆள், வைக்கிங்குகளின் கைப்பொம்மை என்கிற தோரணையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நெடுங்காலம் பாடநூல்களும் அப்படியே சொல்லி வந்தன. ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குறிப்பேடு 890களில் தொகுக்கப்பட்டது. அப்போது வெசெக்ஸை ஆண்டவர் ஆல்ஃபிரட். அதற்குள் சியோல்வுல்ஃப் மறைந்துவிட்டார், மெர்சியாவும் ஆல்ஃபிரடின் மேலாண்மைக்குள் வந்துவிட்டது.

2015 அக்டோபரில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் வாட்லிங்டன் அருகே ஒரு வயலில், ஒரு தேடுநருக்குச் சுருட்டு வடிவத்தில் ஒரு வெள்ளிக் கட்டி கிடைத்தது. வைக்கிங் காலத்து வெள்ளிக் கட்டிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடி தேடியபோது நாணயங்கள் தெரிந்தன. அந்த நேரத்தில் யாருக்கும் கை பரபரக்கும். அவர் குழியை மூடினார், வட்டார அலுவலரை அழைத்தார். பிறகு அலுவலர் வந்து மண்ணோடு சேர்த்து ஒரே கட்டியாக வெளியே எடுத்தார். அந்த மண் கட்டி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கேதான் அதைப் பொறுமையாகப் பிரித்தார்கள்.

உள்ளே 186 நாணயங்கள், 7 நகைகள், 15 வெள்ளிக் கட்டிகள். 870களின் இறுதியில் புதைக்கப்பட்டவை. நாணயங்களில் 13, 'இரு பேரரசர்' வகையைச் சேர்ந்தவை. பழைய ரோமானியப் பொற்காசைப் பார்த்துச் செய்த வடிவம் அது. அதில் இரண்டு அரசர்கள் அருகருகே அமர்ந்திருப்பார்கள். இந்த வகையை ஆல்ஃபிரட் பெயரிலும் வெளியிட்டிருக்கிறார்கள், சியோல்வுல்ஃப் பெயரிலும் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தப் புதையலுக்கு முன்பு ஒவ்வோர் அரசர் பெயரிலும் இந்த வகையில் ஒரே ஒரு நாணயம்தான் தெரிந்திருந்தது. ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும்? 'ஏதோ ஒரு விழாவுக்கு அடித்திருப்பார்கள்' என்று ஒதுக்கிவிடலாம். இப்போது வெவ்வேறு அச்சாளர்களின் பெயர்களோடு 13 நாணயங்கள் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. இரு அரசுகளும் ஒரே வடிவத்தில் காசு அடிக்க ஒத்துழைத்திருக்கின்றன என்று உறுதியாகப் பேச முடிகிறது. தம் பங்காளியாக இருந்த ஒருவரைப் பின்னால் ஆல்ஃபிரட் தரப்பு எழுத்தில் சிறுமைப்படுத்தியதா என்ற கேள்வி எழுகிறது. 2017இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1.35 மில்லியன் பவுண்டு கொடுத்து இந்தப் புதையலை வாங்கியது.

4. லெம்ஸ்டர்: அழித்த படங்கள்

அதே 2015இல், ஜூன் மாதம், ஹெர்ஃபர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இரண்டு தேடுநர்கள் ஒரு புதையலை எடுத்தார்கள். பொன் மோதிரம், விலங்குத் தலை வடிவம் கொண்ட பொன் காப்பு, பளிங்குக் கல் பதித்த பதக்கம், வெள்ளிக் கட்டி, நாணயங்கள். சில பொருள்களை மட்டும் வெளியே காட்டினார்கள். நாணயங்களில் பெரும்பகுதியை மறைத்து விற்கத் தொடங்கினார்கள்.

காவல்துறை ஒருவரின் கைப்பேசியை ஆராய்ந்தது. அழிக்கப்பட்ட படங்கள் மீண்டும் கிடைத்தன. புதையல் முழுதாக இருந்தபோது எடுத்த படங்கள் அவை. சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2019இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அந்த வழக்கு முடிந்தபோது அதிகாரிகளின் கைக்கு வந்திருந்தவை சுமார் 30 நாணயங்கள்தான். அவற்றிலும் 'இரு பேரரசர்' நாணயங்கள் இருந்தன.

இங்கே போனது என்ன? 'காசு போச்சு' என்று சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்று மாணவர் வேறு கணக்குப் போட வேண்டும். வாட்லிங்டன் இருப்பது வெசெக்ஸ்-மெர்சியா எல்லைப் பக்கம். லெம்ஸ்டர் மெர்சியாவின் மேற்குப் பகுதி. இரண்டு இடங்களிலும் இரு அரசர்களின் நாணயங்களும் எந்த விகிதத்தில் இருந்தன என்று ஒப்பிட்டால், யாருடைய காசு எங்கே அதிகம் புழங்கியது என்று சொல்லியிருக்கலாம். சியோல்வுல்ஃபின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு நேரடியான விடை கிடைத்திருக்கும். இனி அந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்ய முடியாது. நாளை ஒரு நாணயம் திரும்பி வந்தாலும், அதோடு சேர்ந்து இருந்தவை எவை என்பதற்கு முழுப் பட்டியல் இல்லை. ஆல்ஃபிரட் காலத்து எழுத்தர்கள் ஒருமுறை மங்கச் செய்த ஓர் அரசரின் கதை, நம் காலத்தில் இரண்டாம் முறையும் மங்கிவிட்டது.

5. குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

பொறுப்புள்ள தேடுநர் இரண்டு விதப் பதிவு வைத்திருப்பார்.

முதலாவது, பயணப் பதிவு. தேதி, இடம், யாருடைய அனுமதி, எத்தனை மணி நேரம், வயலின் எந்தப் பகுதி, மண் உழுததா, புல்தரையா என்ற விவரங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் கண்டிப்பாக எழுத வேண்டும். 'தேடினேன், இல்லை' என்பதும் ஒரு தகவல். அது இல்லாவிட்டால், வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடம் பொருள் இல்லாத இடமா, யாரும் போகாத இடமா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இரண்டாவது, பொருள் பதிவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண்ணைப் பையின் மேலும் எழுத வேண்டும். ஆழம், எடை, அளவு, இரு பக்கமும் படம், பக்கத்தில் கிடந்தவை. எல்லாவற்றிலும் முக்கியமானது இடம். பிரிட்டிஷ் வரைபடக் கட்டத்தில் 6 இலக்கம் எழுதினால் 100 மீட்டர் சதுரம், 8 இலக்கம் எழுதினால் 10 மீட்டர், 10 இலக்கம் எழுதினால் 1 மீட்டர். 'ஆற்றோரம் உள்ள வயல்' என்று எழுதியிருந்தால் டார்க்சி வரைபடம் உருவாகியே இருக்காது.

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, அங்கேயே எழுத வேண்டும். பொருளைத் தேய்த்துக் கழுவவும் கூடாது. மண்ணோடு சேர்ந்து தகவலும் போய்விடும். நிறையப் பொருள்கள் சேர்ந்து தென்பட்டால், வாட்லிங்டனில் செய்ததுபோல் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

6. நம் ஊரில்

சிங்கப்பூர் மாணவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய தொழிலாளர்கள் பொன் நகைகளைக் கண்டெடுத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ரிச்சர்ட் வின்ஸ்டட் அதே ஆண்டில் அவற்றைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வெளியிட்டார். பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவற்றில் சில தொலைந்தே போயின. எஞ்சியவை தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. தொலைந்தவற்றைப் பற்றி இன்று நாம் பேச முடிகிறது என்றால், அந்தக் குறிப்பு இருப்பதால்தான்.

மலேசிய மாணவர்கள் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தொல்பொருள் போலத் தெரியும் ஒன்றைக் கண்டெடுத்தவர் மாவட்ட அதிகாரி போன்றவர்களிடம் உடனே அறிவிக்க வேண்டும். இரு நாடுகளிலுமே, கட்டுரையைப் படித்த உற்சாகத்தில் கருவியை வாங்கிக்கொண்டு பூங்காவில் தோண்டக் கிளம்பிவிடாதீர்கள்!

7. தேர்வுக்கும் வகுப்புக்கும்

சான்று தொடர்பான வினாவுக்கு விடை எழுதும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பழகுங்கள். இதை எழுதியவர் அல்லது கண்டெடுத்தவர் யார், அவருக்கு என்ன லாபம்? இது எங்கே, எதனோடு சேர்ந்து கிடைத்தது? வேறொரு சான்று இதை உறுதிப்படுத்துகிறதா, மறுக்கிறதா? சியோல்வுல்ஃப் பற்றிய குறிப்பேட்டு வரியை எடுத்து, அதை வாட்லிங்டன் நாணயங்களோடு மோதவிட்டால், மூன்றுக்குமே விடை கிடைத்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. பள்ளித் திடலைக் கட்டங்களாகப் பிரித்து, பழைய சில்லறை, பொத்தான், சாவி என்று 20 பொருள்களைப் போட்டு வையுங்கள். ஒரு குழு இடத்தைக் குறித்துக்கொண்டு பொறுக்கட்டும். மற்றொரு குழு பையில் மட்டும் போட்டுக்கொண்டு வரட்டும். பிறகு இரு குழுக்களிடமும், 'இங்கே என்ன நடந்திருக்கும்?' என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். இரண்டு பத்திகளையும் வகுப்பில் வாசித்துக் காட்டினால் போதும்.