இணைப்புப் பலகை முதல் கற்கும் யந்திரம் வரை

1878-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு முதல் வர்த்தக டெலிபோன் நிலையம் திறக்கப்பட்டபோது, எவருடைய அழைப்பை முதலில் ஏற்பது, எவரைக் காத்திருக்கச் செய்வது என்னும் தீர்மானங்கள் யாவும் இணைப்புப் பலகையின் முன் இருந்தவரின் விவேகத்தைப் பொறுத்தே நடந்தன. அன்று மனிதனிடம் இருந்த அந்த அதிகாரம் படிப்படியாக யந்திரத்துக்குக் கைமாறிய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, வரவிருக்கும் ஆறாம் தலைமுறைச் செல்போன் வலையமைப்பின் நிர்வாகத்தைக் கற்கும் யந்திரங்களிடம் ஒப்படைக்க முனைகிறார்கள் என்ற செய்தி அத்தனை ஆச்சரியம் தராது.

முதல் கைமாற்றத்துக்குச் சந்தேகமே காரணம் என்பார்கள். கன்ஸாஸ் சிட்டியில் ஈமச் சடங்குகளை ஏற்று நடத்தும் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பிவிடப்படுகின்றன என்று ஐயுற்று, மனிதர் கை படாமலே இணைப்புத் தரும் யந்திரத்தை ஆக்க முற்பட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கதை எவ்வாறாயினும், 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் தானியங்கி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பாரபட்சம் அறியாத அந்த யந்திரம் அனுபவமும் அறியாதது.

கம்பிகள் எத்தனை வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணிதத்துக்கு உட்படுத்தியவர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங். தனி மனிதர் ஒருவர் எப்போது பேச விரும்புவார் என்பதை முன்னறிய இயலாதாயினும், பல்லாயிரவர் அழைப்புகள் ஒன்றுசேரும்போது அவற்றுள் நிகழ்தகவின் நியதி ஒன்று புலப்படுவதை 1909-இல் எடுத்துக்காட்டிய அவர், இத்தனை அழைப்புகளுக்கு இத்தனை கம்பிகள் இருந்தால் எத்தனை பங்கு இணைப்பின்றிப் போகும் என்று கணிக்கும் சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம், பொறியாளர் கணக்கிட்டு விதி வகுப்பதும், யந்திரம் அதற்குக் கீழ்ப்படிவதுமாகவே இத்தொழில் நடந்தது.

விதியை யந்திரமே அனுபவத்தால் கண்டுகொள்ளலாகாதா என்று ஆராய்ந்தவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கே. எஸ். நரேந்திரா. வெற்றி தந்த வழியை மேன்மேலும் நாடி, தோல்வி தந்த வழியைச் சிறிது சிறிதாகக் கைவிடும் கற்கும் தானியங்கிகளை டெலிபோன் அழைப்புகளுக்கு வழி காணப் பிரயோகிக்கலாம் என்று அவரும் அவருடைய சகாக்களும் 1977-இல் எழுதினர். 1980-களில் கிப்பன்ஸ், கெல்லி, கீ ஆகிய மூவர் பிரிட்டிஷ் வலையமைப்புக்கு வகுத்த முறையோ இன்னும் எளியது: நேர்வழி நிறைந்திருந்தால் வேறொரு நிலையத்தின் வழியாக அழைப்பை அனுப்புவது, அது பலித்தால் அடுத்த முறையும் அவ்வழியே செல்வது, பலிக்காவிடில் குலுக்கிப் போட்டாற்போல் மற்றொன்றைத் தேர்வது.

பேசுபவர் நடந்துகொண்டே பேசும் காலம் வந்ததும் சிக்கல் பெருகிற்று. ஒரு கோபுரத்தின் எல்லையைக் கடப்பவரை எந்த அயல் கோபுரத்திடம் ஒப்படைப்பது என்ற பட்டியலைப் பொறியாளர்கள் தயாரித்துப் பராமரித்து வந்தனர். செல்போன்கள் அளந்து தெரிவிப்பதைக் கொண்டு அப்பட்டியலைக் கோபுரமே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு, 2008-இல் நான்காம் தலைமுறைக்கு வகுத்த தர விதிகளில் இடம்பெற்றது. ஐந்தாம் தலைமுறையின் விதிகள், வலையமைப்பின் தரவுகளைத் திரட்டி நெரிசலை முன்னுரைப்பதற்கென்றே தனி அங்கம் ஒன்றை அமைத்தன. 2023-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அங்கீகரித்த ஆறாம் தலைமுறைச் சட்டகத்திலோ, செயற்கை நுண்ணறிவும் தொடர்பும் இணைந்தியங்குவது ஆறு பிரதானப் பயன்பாடுகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும், கற்கும் யந்திரம் கற்பது நேற்றைய தரவிலிருந்து. நேற்று இலாபம் தராத சிற்றூரின் கோபுரத்தை அது இன்றும் அலட்சியம் செய்யக் கூடும். எந்த இலக்கை நோக்கிக் கற்பித்தோமோ அதை மட்டுமே அது நாடும். ஆகையால், நெரிசல் வேளையில் எவர் காத்திருப்பது, எவருடைய அழைப்பு எக்காரணத்தாலும் தடைபடலாகாது என்பவற்றை நிறுவனங்களும் அரசாங்கங்களும் வெளிப்படையாக விதித்து, அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று சோதித்தும் வரவேண்டும். வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைத்தல் தகாது.