காஞ்சியின் அளவைநூலும் இமயத்துச் சுவடிகளும்

பூந்தமல்லியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழி திருப்பெரும்பூதூரைக் கடந்து, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிற் காஞ்சியை அடைவிக்கின்றது. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் வாழ்வார்க்குக் காஞ்சி ஒரு பகலிற் சென்று மீளத்தக்க ஊரே. ஆயினும், அக்காஞ்சியை அடுத்துப் பிறந்தவராகக் கூறப்பெறும் பௌத்தப் பேராசிரியர் திக்நாகரின் தலைமை நூலைக் காண விழைவார், கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 11,500 அடி உயரத்திலுள்ள லே முதலிய இமயத்து ஊர்களின் மடங்கள் போற்றிவரும் திபெத்திய மொழிபெயர்ப்பையே நாடவேண்டியவராயினர். இந்நிலை நேர்ந்தவாற்றையும், அதனால் மணிமேகலை ஆராய்ச்சிக்கு விளையும் பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி. பி. 640-ஆம் ஆண்டளவிற் காஞ்சியைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், அந்நாட்டிற் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன என்றும், துறவியர் பதினாயிரவர் வாழ்ந்தனர் என்றும் குறித்தார். நாளந்தாவில் ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்பதும் அவர் தரும் செய்தியே. அப்பள்ளிகளுள் ஒன்றேனும் இன்று நிலைபெற்றிலது. காமாட்சியம்மன் கோயிலிற் கண்டெடுக்கப்பெற்ற நின்ற கோலப் புத்தர் படிமம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கணிகிலுப்பை முதலிய சுற்றூர்களிலும் படிமங்கள் காணப்படுகின்றன. கல்லிற் செய்தவை ஒருசில எஞ்சின. அப்பள்ளிகளில் ஓதப்பட்ட ஏடுகளோ நமக்குக் கிடைத்தில.

இனி, இமயத்தின் நிலையை நோக்குவோம். லே நகரை அடைவார் கண்ணுக்கு முதற்கண் தோன்றுவது பதினேழாம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்னும் மன்னன் எடுப்பித்த ஒன்பது நிலை அரண்மனையாகும். திக்சே, ஹெமிஸ், ஆல்ச்சி ஆகிய புகழ்பெற்ற மடங்கள் அந்நகரிலிருந்து சென்று காணத்தக்க தொலைவில் உள்ளன. திக்சேக்கு அண்மையில் நியர்மா என்னும் பழம்பள்ளியின் இடிபாடுகள் கிடக்கின்றன. அப்பள்ளி, மொழிபெயர்ப்பாளர் எனச் சிறப்பிக்கப்பெறும் இரிஞ்சன் சங்போவின் (958–1055) பெயரோடு தொடர்புடையது. அவரும் அவர்போன்ற பிறரும் இந்தியப் பண்டிதரோடு அமர்ந்து வடமொழி நூல்களைத் திபெத்திய மொழியிற் பெயர்த்தனர். அவ்வாறு பெயர்க்கப்பெற்றவை இரு பெருந்தொகைகளாயின. புத்தர் திருமொழியாகக் கொள்ளப்பெறுவன கஞ்சூர் எனவும், ஆசிரியர் இயற்றிய நூல்களும் உரைகளும் தஞ்சூர் எனவும் வழங்கும். முன்னது நூறு தொகுதி அளவினது; பின்னது இருநூற்றுக்கு மேற்பட்டது.

இத்தொகுதிகளின் வடிவம் தமிழ் மாணவர் கருதத்தக்கது. அவை நீண்டு குறுகிய தாள்களாய், மேலும் கீழும் பலகையிட்டுத் துணியாற் பொதியப்பெற்றுள்ளன. பனை வளராத அக்குளிர் நாட்டில், தாளில் எழுதிய நூலும் நம் ஓலைச்சுவடியின் வடிவையே தாங்கி நிற்றல் காணலாம். மூலநூல்கள் சென்ற திசையை அவ்வடிவே காட்டுகின்றது.

திக்நாகரின் பிரமாணசமுச்சயம் திபெத்தில் இருமுறை மொழிபெயர்க்கப்பெற்றது. அதன் வடமொழி மூலம் தனி நூலாகக் கிடைத்திலது. சினேந்திரபுத்தி வரைந்த உரையின் வடமொழிச் சுவடி திபெத்திற் காக்கப்பெற்று, அதன் முதல் இயல் 2005-ஆம் ஆண்டு பதிப்பிக்கப்பட்டது; அதன் துணையால் மூலத்தின் பகுதிகள் மீட்டமைக்கப்படுகின்றன. திக்நாகர் காஞ்சியை அடுத்த சிங்கவக்திரம் என்னும் ஊரினர் என்பதும், 1608-இல் தாரநாதர் இயற்றிய வரலாறு முதலிய திபெத்திய நூல்களின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றது.

தமிழில் இவ்வளவைநெறி பற்றிக் கிடைக்கும் தலையாய சான்று மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையாகும். கச்சிமாநகர் புகுந்த மணிமேகலைக்கு அறவணவடிகள் உரைப்பதாக அமைந்த அப்பகுதி, காண்டல், கருத்து என அளவை இரண்டே எனக் கொண்டு, உபநயத்தையும் நிகமனத்தையும் திட்டாந்தத்துள் அடக்குகின்றது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து எனப் போலிகளை வகுத்துரைக்கின்றது. இத்தொகையும் வகையும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிச் சிறுநூலொடு முற்றும் ஒத்துள்ளன.

அந்நூலை இயற்றினார் யாவர் என்பதே ஈண்டு எழும் வினா. தஞ்சூர்த் தொகுதி அதனைத் திக்நாகர்க்கு உரியதாக்குகின்றது. 647-ஆம் ஆண்டு அதனைச் சீனத்திற் பெயர்த்த யுவான் சுவாங் மரபோ சங்கரசுவாமி என்பார்க்கு உரியதாகக் கூறுகின்றது. டாக்டர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் வெளியிட்ட நூலில், மணிமேகலையின் அளவைப்பகுதி திக்நாகர்க்கு முற்பட்டது என்னும் கருத்தை வலியுறுத்தினார். குப்புசாமி சாஸ்திரியார் அது நியாயப்பிரவேசத்தைத் தழுவியது என மறுத்தார். சீன மொழியில் மட்டும் எஞ்சியுள்ள திக்நாகரின் நியாயமுகம் பக்கப்போலி ஐந்தே கூறுகின்றது. எஞ்சிய நான்கும் சங்கரசுவாமியாற் சேர்க்கப்பட்டன என்பது சீன மரபு. ஒன்பதும் மணிமேகலையில் உள்ளமையின், சாஸ்திரியார் கூற்றே வலியுடைத்து எனத் தோன்றுகின்றது. இருநூற்கும் பொதுவான முதனூல் ஒன்று இருந்திருத்தல் கூடும் எனின், அதற்குச் சான்று காட்டல் வேண்டும்.

இம்முடிபு காலவாராய்ச்சியைத் தாக்குவதாகும். மணிமேகலையைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினது என்பார், ஒன்று இக்காதையை இடைச்செருகல் எனல் வேண்டும். அன்றேல், நூல் முழுமையையும் ஆறாம் நூற்றாண்டிற்கு முற்படாதது எனக் கொள்ளல் வேண்டும். நூலின் பெருமை அதன் பழமையொன்றனையே பற்றி நிற்பதன்று. ஆதலின், இவ்விரண்டனுள் ஒன்றை ஏற்க நாம் அஞ்சவேண்டுவதில்லை.

திபெத்திய ஏடுகள் நமக்கு மூலத்தைக் காத்துத் தந்தன. ஆயினும் ஆசிரியர் பெயரில் அவையும் வழுவின எனத் தோன்றுகின்றது. எனவே, மதிப்போடு அணுகும் அவற்றைச் சீனச் சான்றோடும் தமிழ்ச் சான்றோடும் ஒப்பிட்டே கொள்ளல் தகும். லே நகரில் 1959-ஆம் ஆண்டு தோன்றிய நடுவண் பௌத்தக் கல்வி நிறுவனத்தில் திபெத்திய மொழியும் பௌத்த மெய்ந்நூல்களும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ் முதுகலை மாணவர் ஒருசிலரேனும் அம்மொழியைப் பயின்று, மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை வரிவரியாகத் தஞ்சூர்ப் பாடத்தோடு ஒப்புநோக்குவராயின், வடமொழியறிவு ஒன்றாலேயே இதுகாறும் விளக்கப்பெற்ற சொற்கள் பல தெளிவடையும். காஞ்சியிலிருந்து வடக்கே சென்ற கல்வியை மீண்டும் காஞ்சியின் காப்பியத்தோடு சேர்த்துப் படிக்கும் அப்பணி தமிழ்த்துறையினர்க்கே உரியதாகும்.